இணையவழி மருத்துவம்: நமக்குள்ள சட்டப் பொறுப்பும் தொழில் பொறுப்பும்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்குப் பிறகு சட்டம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தூக்கம் வந்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இந்த அரங்கில் இருக்கும் எல்லோருடைய சட்டைப் பையிலும் கைப்பையிலும் ஒரு கைபேசி இருக்கிறது. இந்த அரை மணி நேரத்துக்குள் யாராவது ஒருவருக்கு, "டாக்டர், கொஞ்சம் இந்த ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்லுங்க" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி நிச்சயம் வந்துவிடும். அதற்கு நீங்கள் பதில் எழுதிய நொடியே சட்டத்தின் கண்ணில் ஒரு நோயாளியும் ஒரு மருத்துவரும் உருவாகிவிடுகிறார்கள். இன்றைய பேச்சு அந்த ஒரு நொடியைப் பற்றியதுதான்.

புதியதல்ல, பழையதுதான்

தூரத்தில் இருந்து வைத்தியம் பார்ப்பது நேற்று முளைத்த சங்கதி என்று மாணவர்கள் நினைக்க வேண்டாம். ஈ.சி.ஜி. கருவிக்காக 1924ல் நோபல் பரிசு பெற்ற ஐந்தோவன், ஹாலந்தில் லைடன் நகரத்து மருத்துவமனையில் இருந்த நோயாளியின் இதயத் துடிப்பை, ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த தம் ஆய்வுக்கூடத்தில் தொலைபேசிக் கம்பி வழியாக 1905லேயே பதிவு செய்தார். நம் நாட்டில் 2000 மார்ச்சில், ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்து ஆரகொண்டா கிராமத்தில் அப்போலோ நிறுவனத்தின் தொலைமருத்துவ மையத்தை அன்றைய அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் தொடங்கி வைத்தார். சங்கர நேத்ராலயாவும் அரவிந்த் கண் மருத்துவமனையும் கிராமத்து நோயாளியின் கண்ணை நகரத்து டாக்டர் பார்க்கும்படி செய்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது.

இதெல்லாம் போகட்டும். எஸ்.டி.டி. பூத் காலத்திலேயே அன்னூரில் இருந்தும் சூலூரில் இருந்தும், "ஏனுங்க டாக்டர், பையனுக்குக் காய்ச்சல் விடவே மாட்டேங்குதுங்க" என்று கூப்பிட்டவர்களுக்கு நம் மூத்தவர்கள் பதில் சொல்லாமலா இருந்தார்கள்? சொன்னார்கள். அன்றைக்கு அது முகம் தெரிந்த குடும்பம், மூன்று தலைமுறையாகத் தெரிந்த உடம்பு. இன்றைக்கு அழைப்பவர் யார், எங்கே இருக்கிறார், உண்மையில் அவர்தான் நோயாளியா என்பதே தெரியாது. சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

பயந்த காலம்

சட்டம் இதை எப்படிப் பார்த்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

2009ல் மார்ட்டின் டிசோசா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவர்களுக்குச் சில எச்சரிக்கைகளைச் சொன்னது. நோயாளியை நேரில் பரிசோதிக்காமல் சாதாரணமாக மருந்து எழுதக் கூடாது, மிக அவசரமான நிலை தவிர தொலைபேசியில் மருந்து சொல்லும் பழக்கத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நம்மில் பலர் அதைப் படிக்கவில்லை. படித்தவர்களும் மறந்துவிட்டோம்.

அதன் பிறகு 2018 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இருந்து ஓர் உத்தரவு வந்தது. மகாராஷ்டிர மாநிலம் ரத்தினகிரியில் ஒரு மருத்துவத் தம்பதியின் மருத்துவமனை. அறுவை சிகிச்சை மூலம் பிரசவமான ஒரு தாய்க்கு வீடு திரும்பிய பிறகு உடம்பு கெட்டது. தொலைபேசியிலேயே மருந்து சொல்லப்பட்டது. மறுபடியும் மருத்துவமனையில் சேர்த்தபோது மருத்துவர்கள் ஊரில் இல்லை, பொறுப்பை வேறொரு டாக்டரிடம் ஒப்படைக்கவும் இல்லை என்பது வழக்கு. அந்தத் தாய் இறந்துபோனார். முன்ஜாமீன் கேட்ட மருத்துவர்களின் மனுவை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நோயைக் கண்டறியாமல் மருந்து எழுதுவது குற்றத்துக்குரிய கவனக்குறைவு என்றே கருதியது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது ஜாமீன் கட்டத்தில் வந்த உத்தரவு, குற்றம் நிரூபிக்கப்பட்ட தீர்ப்பு அல்ல. ஆனால் மருத்துவ உலகம் அதைப் பத்திரிகைத் தலைப்பில் மட்டும் படித்தது. "இனிமேல் போனில் பேசினால் ஜெயில்" என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. நல்ல மருத்துவர்கள் பலர் போனை எடுப்பதையே குறைத்துக்கொண்டார்கள். உண்மையில் நீதிமன்றத்தை உறுத்தியது தொலைபேசி என்ற கருவி அல்ல. நேரில் பார்க்க வேண்டிய நோயாளியைப் பார்க்க ஒருவரும் இல்லாமல் விட்டதுதான் அங்கே கேள்வி. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் என் பேச்சில் பாதி முடிந்தது.

2020 மார்ச் 25

பிறகு கொரோனா வந்தது. நாடு தழுவிய ஊரடங்கின் முதல் நாளான 2020 மார்ச் 25ம் தேதியன்றே தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் வெளிவந்தன. அன்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் இடத்தில் இருந்த ஆளுநர் குழு, நிதி ஆயோக்கோடு சேர்ந்து தயாரித்தது அது. அதே மே மாதம், 2002ம் ஆண்டு மருத்துவ நடத்தை ஒழுங்குமுறைகளில் ஒரு பின்னிணைப்பாகவே அதைச் சேர்த்துவிட்டார்கள். ஆகவே அது வெறும் அறிவுரை அல்ல. மீறினால் தொழில் ஒழுங்கீனம், மாநில மருத்துவக் கவுன்சில் விசாரிக்கலாம், பதிவேட்டில் இருந்து பெயரையே நீக்கலாம்.

தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய நடத்தை விதிகளைக் கொண்டுவந்தது. அதே மாதத்திலேயே அவற்றை நிறுத்தி வைத்து, 2002ம் ஆண்டு விதிகளே தொடரும் என்று அறிவித்துவிட்டது. அதனால் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய புத்தகம் பழைய புத்தகம்தான், புதிய பின்னிணைப்போடு. சித்தம், ஆயுர்வேதம், ஓமியோபதி பயின்றவர்களுக்கும் 2020லேயே தனித்தனி வழிகாட்டிகள் வந்துள்ளன.

தமிழ்நாடு இந்தத் துறையில் பின்தங்கவில்லை. மத்திய அரசின் இ-சஞ்சீவனி வெளிநோயாளர் சேவை 2020 ஏப்ரலில் தொடங்கியபோது, அந்த முதல் ஆண்டில் அதிக ஆலோசனைகள் நடந்த மாநிலங்களில் முன்னணியில் நின்றது நம் மாநிலம்.

நெறிமுறை சொல்வது என்ன?

வழக்கறிஞர் பாஷையில் சொன்னால் தூக்கம் உறுதி. நம் பாஷையில் சொல்கிறேன்.

முதலாவது, ஆள் அடையாளம். முகம் தெரியாத, பெயர் தெரியாத ஆலோசனை கூடவே கூடாது. நோயாளியின் பெயர், வயது, முகவரி, தொலைபேசி எண் நமக்குத் தெரிய வேண்டும். நம் பெயர், படிப்பு, பதிவு எண் அவருக்குத் தெரிய வேண்டும். மருந்துச் சீட்டிலும் கட்டண ரசீதிலும் பதிவு எண் இருக்க வேண்டும். வயது சந்தேகமாக இருந்தால் சான்று கேட்கலாம். நோயாளி சிறுவர் என்றால் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும், அவர் யார் என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, சம்மதம். நோயாளி தானாகவே அழைத்தால் சம்மதம் இருப்பதாகவே கொள்ளலாம். நாமோ, நர்ஸோ, சுகாதாரப் பணியாளரோ, வீட்டுக்காரரோ தொடங்கி வைத்தால் நோயாளியிடம் வெளிப்படையாகச் சம்மதம் வாங்க வேண்டும். ஒரு குறுஞ்செய்தி போதும், "சரிங்க, போன் மூலம் ஆலோசனை பெற எனக்குச் சம்மதம்" என்று வாயால் சொன்னாலும் போதும். ஆனால் அது நம் குறிப்பில் பதிவாக வேண்டும்.

மூன்றாவது, எந்த வழி போதும் என்ற முடிவு. காணொளி, வெறும் குரல், எழுத்து என்று மூன்றுக்கும் அனுமதி உண்டு. எது போதும், எப்போது நேரில் வரச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்வது நம் பொறுப்பு. நோயாளி அவசரப்படுத்தினார் என்பது பின்னால் பதிலாகாது.

நான்காவது, மருந்துப் பட்டியல். இதைத்தான் பலர் படிக்காமல் விட்டிருக்கிறோம். பட்டியல் 'ஓ'வில் பாராசிட்டமால், உப்புக் கரைசல் போன்றவை. எந்த வழியில் பேசினாலும் எழுதலாம். பட்டியல் 'ஏ'யில் உள்ளவற்றை முதல் ஆலோசனையிலேயே எழுதலாம், ஆனால் காணொளியில் பார்த்திருக்க வேண்டும். சில தோல் களிம்புகள், கண், காது சொட்டு மருந்துகள் இதில் வரும். பட்டியல் 'பி' ஏற்கெனவே நேரில் பார்த்தவருக்கு, அதே நோய்க்கு, தொடர் ஆலோசனையில் கூடுதலாகச் சேர்க்கும் மருந்துகள். தொடர் ஆலோசனை என்றால் நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். ஆறு மாதம் தாண்டினாலோ வேறு நோய் என்றாலோ, முப்பது வருடம் பழகிய நோயாளியாக இருந்தாலும் அது முதல் ஆலோசனைதான். நான்காவதாகத் தடைப் பட்டியல். போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளும் 'எக்ஸ்' அட்டவணை மருந்துகளும் அதில் உள்ளன. இணையவழியில் இவற்றை எழுதவே கூடாது. "தூக்கமே இல்லைங்க, பழைய மாத்திரையையே எழுதிக் கொடுங்க" என்று இரவு பத்து மணிக்கு வரும் செய்திக்கு நம் பதில் இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, அவசர நிலை. நேரில் பார்க்க வழி இருந்தால் அவசர நோயாளிக்குத் தொலை ஆலோசனையைத் தவிர்க்க வேண்டும். வழி இல்லாவிட்டால் முதலுதவி, உயிர் காக்கும் யோசனை, எங்கே கொண்டுபோக வேண்டும் என்ற வழிகாட்டல், இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு உடனே நேரில் காட்டச் சொல்ல வேண்டும்.

ஆறாவது, பதிவேடு. எப்போது பேசினோம், என்ன பார்த்தோம், என்ன எழுதினோம், எந்த ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்தோம் எல்லாம் இருக்க வேண்டும். உள்நோயாளி பதிவேடுகளை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002 விதிகள் சொல்கின்றன. இணையவழி நோயாளிக்கும் அதே கணக்கை வைத்துக்கொள்வது நல்லது. நுகர்வோர் வழக்குக்குக் காலக்கெடு 2 ஆண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். கைபேசி தொலைந்தால் பதிவேடும் தொலைந்தது என்ற நிலையில் யாரும் இருக்கக் கூடாது.

ஏழாவது, வற்புறுத்தல். நேரில் வரத் தயார் என்று நோயாளி சொல்லும்போது, "வேண்டாம், வீடியோவிலேயே பார்த்துக்கலாம்" என்று நாம் வற்புறுத்தினால் அதுவே ஒழுங்கீனம் என்று நெறிமுறை வெளிப்படையாகச் சொல்கிறது. இது நம் வசதிக்காக வந்த ஏற்பாடு இல்லை என்பதற்கு இந்த ஒரு வாக்கியம் போதும்.

எந்த நீதிமன்றம், எந்தச் சட்டம்?

"நான் காசே வாங்கறதில்லைங்க, எனக்கென்ன பொறுப்பு?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். சாந்தா வழக்கில் 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. எல்லோருக்கும் எப்போதும் இலவசமாகப் பார்ப்பவருக்கு மட்டும் அதில் விலக்கு. ஆனால் அந்த விலக்கு நுகர்வோர் சட்டத்துக்கு மட்டும்தான். மருத்துவக் கவுன்சிலுக்கோ, உரிமையியல் வழக்குக்கோ, குற்றவியல் சட்டத்துக்கோ இலவசம் என்பது ஒரு பதில் அல்ல.

கட்டணம் வாங்குபவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பீளமேட்டில் உட்கார்ந்துகொண்டு ராமநாதபுரத்து நோயாளிக்கு ஆலோசனை சொன்னால், வழக்கு ராமநாதபுரத்தில் வரலாம். கணினி தூரத்தைக் குறைத்தது உண்மை. ஆனால் வழக்குக்காக நாம் போக வேண்டிய தூரத்தைக் கூட்டியும் விட்டது.

குற்றவியல் பக்கத்தில், 2005ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் நமக்கு ஒரு பாதுகாப்பு தந்தது. சாதாரணத் தவறு குற்றமாகாது, மிகக் கடுமையான கவனக்குறைவு இருக்க வேண்டும், காவல் துறை நடவடிக்கைக்கு முன் சார்பற்ற மருத்துவ வல்லுநரின் கருத்தைப் பெற வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ம் பிரிவில், மருத்துவச் செயல்முறையின்போது நேரும் கவனக்குறைவு மரணத்துக்கு, பதிவு பெற்ற மருத்துவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. மற்றவர்களுக்கு அது 5 ஆண்டு வரை.

இதையெல்லாம் கேட்டு மறுபடியும் போனை அணைத்துவிடாதீர்கள். நெறிமுறையைக் கடைப்பிடித்த மருத்துவருக்கு அதுவே கேடயம். 2018ல் நம் கையில் எழுத்தில் எதுவும் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. கேடயம் சுவரில் தொங்கினால் உதவாது, கையில் இருக்க வேண்டும்.

ரகசியம் காப்பது

அடுத்து ஒரு சங்கடமான விஷயம். நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தநாள் வாழ்த்துக்கும் பழைய விடுதிப் புகைப்படத்துக்கும் நடுவே ஒரு எக்ஸ்-ரே, ஒரு புண்ணின் படம், ஓரத்தில் நோயாளியின் பெயரும் வயதும். "ஒப்பீனியன் ப்ளீஸ்" என்று ஒரு வரி. நல்ல எண்ணத்தில்தான் போடுகிறோம், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குழுவில் இருப்பவர்களில் எத்தனை பேரை அந்த நோயாளி அனுமதித்தார்?

சக மருத்துவரிடம் கருத்துக் கேட்க நெறிமுறை அனுமதிக்கிறது. ஒருவரிடம் கேளுங்கள், பெயரை மறைத்துக் கேளுங்கள், நோயாளியிடம் சொல்லிவிட்டுக் கேளுங்கள். யார் என்ன கருத்துச் சொன்னாலும் இறுதி முடிவும் பொறுப்பும் நேரில் சிகிச்சை அளிக்கும் மருத்துவருடையதே. "குழுவில் ஏழு பேர் சரி என்றார்கள்" என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியாது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தகவலைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்கிறது சட்டம். சிறு கிளினிக்குக்கு அவ்வளவு விதிப்பார்களா என்பது வேறு. ஆனால் நோயாளியின் தகவல் அவருடைய சொத்து, நாம் அதற்குக் காவல்காரர் மட்டுமே என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. நம் கவனக்குறைவு இல்லாமல் தொழில்நுட்பக் கோளாறாலோ வேறொருவராலோ ரகசியம் கசிந்தால் மருத்துவர் பொறுப்பல்ல என்று நெறிமுறையும் நியாயமாகவே சொல்கிறது.

மருந்துக் கடையும் ஆப்பும்

மருந்துச் சீட்டைக் கையெழுத்திட்டுப் படமெடுத்து அனுப்பலாம். நேராகக் கடைக்கு அனுப்புவதானால் நோயாளியின் வெளிப்படையான சம்மதம் வேண்டும், அவர் விரும்பும் எந்தக் கடையிலும் வாங்க உரிமை இருக்க வேண்டும். அதில் கமிஷன் வாங்குவது 2002 விதிகளின்படி ஒழுங்கீனம், ஆப்பில் வந்தாலும் கவரில் வந்தாலும்.

இணையத்தில் மருந்து விற்பது பற்றியே நம் மாநிலத்தில் வழக்கு நடந்தது. தமிழ்நாடு மருந்து வணிகர் சங்கம் தொடுத்த வழக்கில், விதிகள் இறுதியாகும் வரை இணைய விற்பனை கூடாது என்று 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி உத்தரவிட்டார். 2019 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதற்குத் தடை விதித்தது. வணிகத்தின் வேகத்துக்குச் சட்டம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடுகிறது. அந்த இடைவெளியில் நோயாளியைக் காப்பது நம் கையெழுத்து ஒன்றுதான்.

இங்கே மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "சார், படிச்சு முடிச்சதும் ஆப்புல சேரலாமுங்களா? வீட்டில இருந்தே பார்க்கலாமாம்" என்று வாசலில் ஒரு தம்பி கேட்டார். சேரலாம் தம்பி, தப்பில்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஐந்து கேள்வி கேளுங்கள். ஒன்று, என் பெயரும் பதிவு எண்ணும் நோயாளிக்குத் தெரியும்படி இருக்குமா? இரண்டு, "இது நேரில் பார்க்க வேண்டிய கேஸ்" என்று நான் மறுத்தால் என் சம்பளம் குறையுமா? மூன்று, ஒரு நோயாளிக்கு இத்தனை நிமிடம்தான் என்று கெடு உண்டா? நான்கு, பதிவேடு யாரிடம் இருக்கும், வேலையை விட்ட பிறகு வழக்கு வந்தால் எனக்குக் கிடைக்குமா? ஐந்து, மருந்து எழுதுவது நானா, இயந்திரமா?

ஐந்தாவது கேள்வி முக்கியம். செயற்கை நுண்ணறிவு மருத்துவருக்கு உதவலாம், ஆனால் தானாக நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்று 2020 நெறிமுறை சொல்கிறது. இயந்திரம் எழுதியதை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டால், கையெழுத்து உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது.

கடல் கடந்த நண்பர்களுக்கும் ஒன்று. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்து இன்று வந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. இந்த நெறிமுறை இந்தியாவில் பதிவு பெற்ற மருத்துவர்களுக்கு, இந்திய எல்லைக்குள் நடக்கும் ஆலோசனைக்கு மட்டுமே. இங்கே பதிவு இல்லாமல் ஊரில் உள்ள மாமாவுக்கு அங்கிருந்து மருந்து எழுதினால் அது செல்லாது. அதேபோல் இங்கிருக்கும் நாம், டெக்சாஸில் இருக்கும் மாப்பிள்ளைக்கு மருந்து சொன்னாலும் சிக்கல்தான். அமெரிக்காவில் பொதுவாக நோயாளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் வேண்டும். சொந்தத்துக்கு ஆறுதல் சொல்லுங்கள், யாரைப் பார்க்க வேண்டும் என்று வழி சொல்லுங்கள். மருந்தை அங்கங்கே உள்ளவர் எழுதட்டும்.

வால்பாறைக்கும் பீளமேட்டுக்கும் நடுவே

இவ்வளவு கெடுபிடி என்றால் இந்த இணைய வைத்தியமே வேண்டாம் என்று ஒதுங்கிவிடலாமா? கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு உதாரணம் சொல்கிறேன், கற்பனைதான். வால்பாறை எஸ்டேட்டில் தேயிலை பறிக்கும் ஒரு அம்மா. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்கிறது. பொள்ளாச்சிக்கு வர நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். அங்கிருந்து கோவை வந்து திரும்பினால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவு தனி. சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு அதே மாத்திரையைத் தொடரச் சொல்ல அவரை வரவழைப்பது தர்மமா? அங்கே காணொளி ஒரு வரம். சும்மா பயந்துகொண்டு, "நேரில் வாம்மா" என்று நாம் சொன்னால் அவர் வரமாட்டார், மாத்திரையை நிறுத்திவிடுவார். அதன் விளைவு எந்த வழக்கிலும் பதிவாகாது. ஆனால் பக்கவாதமாகவோ சிறுநீரகக் கோளாறாகவோ ஒரு நாள் நம் வாசலுக்கே வரும்.

அதே அம்மா இன்னொரு நாள், "காலில் சின்னப் புண்ணுங்க, ஒரு களிம்பு சொல்லுங்க" என்கிறார். திரையில் சிறிய கறுப்புப் புள்ளி தெரிகிறது. அவருக்குக் காலில் உணர்ச்சி இருக்கிறதா, நாடி துடிக்கிறதா, சீழ் உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது, எதையும் திரை சொல்லாது. களிம்பு பட்டியல் 'ஏ'யில் இருக்கலாம், காணொளியில் பார்த்துமிருக்கலாம், சம்மதமும் இருக்கலாம். எல்லா விதியும் பூர்த்தி. ஆனாலும் களிம்பு மட்டும் எழுதிவிட்டு அழைப்பை வைத்தால் அந்தக் கால் போய்விடலாம். இங்கே கூலி போனாலும் பரவாயில்லை, "இன்னைக்கே வந்துருங்கம்மா, அங்க அரசு ஆஸ்பத்திரிக்காவது போயிருங்க" என்று அழுத்திச் சொல்ல வேண்டும். சொன்னதைக் குறிப்பில் எழுத வேண்டும். முடிந்தால் மறுநாள் ஒரு போன் போட்டு, "போனீங்களாம்மா?" என்று கேட்க வேண்டும்.

ஒரே நோயாளி, ஒரே கைபேசி, ஒரே மருத்துவர். முதல் நாள் நேரில் வரச் சொல்வது கொடுமை. இரண்டாம் நாள் வரச் சொல்லாமல் விடுவது கொடுமை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் அறிவுக்குத்தான் இந்தக் கல்லூரியில் நமக்குப் பட்டம் கொடுத்தார்கள். சட்டம் கடைசிக் கோட்டைத்தான் போட முடியும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நடப்பதெல்லாம் நம் மனசாட்சியின் பொறுப்பு.

செய்ய வேண்டியது என்ன?

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். முதலில், நெறிமுறையின் மருந்துப் பட்டியலையும் சம்மத வாசகத்தையும் தமிழில் ஒரு பக்க அட்டையாக அச்சிட்டு உறுப்பினர் எல்லோருக்கும் கொடுங்கள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளட்டும். இரண்டாவது, நம் குழுக்களில் நோயாளியின் பெயரோ முகமோ தெரியும் படம் வந்தால், யாராயிருந்தாலும் உடனே நீக்கச் சொல்லும் ஒரு விதியை இன்றே ஏற்றுக்கொள்வோம். மூன்றாவது, இறுதியாண்டு மாணவர்களுக்கு வருடம் ஒரு முறை இது குறித்து ஒரு பயிற்சி நடத்துவோம். வகுப்பில் ஸ்டெதாஸ்கோப் வைக்கக் கற்றுக் கொடுத்தது போல, வைக்க முடியாதபோது என்ன செய்வது என்பதையும் கற்றுக் கொடுக்க வேண்டாமா?

மாணவச் செல்வங்களே, நோயாளியின் நாடியில் விரல் வைத்துப் பழகியவர்கள் நாங்கள். நீங்கள் பாதி நோயாளிகளைக் கண்ணாடித் திரையில்தான் சந்திக்கப் போகிறீர்கள். அதில் குறைவு ஒன்றுமில்லை. தெரிந்ததைத் துணிந்து சொல்லுங்கள். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். நேரில் பார்த்தாக வேண்டும் என்று தோன்றினால், இரவு எத்தனை மணியானாலும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் அழைப்பை வைக்காதீர்கள்.